புதுப்பிப்பு: பம்பர் மூலைக் கீறல்

கார் பம்பரில் சுவர் உரசிய வெள்ளைத் தீற்றல் போகுமா என்று கேட்டிருந்தேன். போய்விட்டது. முக்கால்வாசி கீறலே இல்லை, சுவர் பெயிண்ட் ஒட்டியதுதான். மைக்ரோஃபைபர் துணியில் ரப்பிங் காம்பவுண்ட் (பெயிண்டை மெருகேற்றும் நைசான பசை) வைத்துத் தேய்த்ததும் வந்துவிட்டது. தின்னர் பக்கம் போகாதீர்கள், பெயிண்ட் மேல் இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் பூச்சை இளக்கிவிடும்.

தடவினால் நகம் மாட்டும் அளவு ஆழமான ஒரு கீறலுக்கு மட்டும், வண்டியின் கலர் குறியீடு பார்த்து வாங்கிய டச்-அப் பெயிண்ட் (சின்னக் கீறலை மூடும் பெயிண்ட்). பாட்டிலோடு வரும் பிரஷ் ரொம்பத் தடிமன். பல்குத்தி நுனியால் மெல்லிசாக மூன்று தடவை, இடையே அரை மணி நேரம். ஒரேயடியாக நிரப்பினால் மேலே மட்டும் காய்ந்து, பிறகு உள்ளே சுருங்கிக் குழி விழும். ஒரு வாரம் கழித்து 2000 கிரிட் உப்புத்தாளால் (மிக நைசானது) சோப்புத் தண்ணீரோடு தேய்த்தேன். பம்பர் விளிம்பில் மட்டும் தேய்க்க வேண்டாம்: அங்கே கிளியர் கோட் மெல்லிசு, சீக்கிரம் அறுந்துவிடும். மெட்டாலிக் கலரென்றால் சாய்வெயிலில் பெயிண்ட் வைத்த புள்ளி தெரியத்தான் செய்யும்.