பலகையில் முதலில் யார் குடியேறுகிறார்கள்? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கப்பல் அடியிலும் வலையிலும் ஒட்டி வளரும் கடலுயிர்களில் எது முதலில் வருகிறது என்று சோதனைப் பலகைகளைக் கடலில் தொங்கவிட்டுப் பார்ப்பது என் வேலை, அதனால் நானே ஆரம்பிக்கிறேன். பாடத்தில் வரிசை தெளிவாக இருக்கும்: சில நிமிடங்களில் கரிமப் படலம், சில மணி நேரத்தில் பாக்டீரியா, அப்புறம் டயட்டம் என்ற நுண்பாசி, கடைசியில் பார்னக்கிளும் (ஒட்டிய இடத்திலேயே வாழும் ஓட்டுயிர்) குழாய்ப்புழுவும். வெப்பக் கடலில் இந்த வரிசை பாதிதான் உண்மை. ஹைட்ராய்டஸ் எலிகன்ஸ் என்ற குழாய்ப்புழுவுக்குப் பாக்டீரியாப் படலம் வேண்டும், சரி. ஆனால் பார்னக்கிள் குஞ்சு துடைத்து வைத்த பரப்பிலும் உட்காரும். குளிர்க்கடலில் ஒட்டும் காலம் என்று ஒன்று உண்டு. இங்கே ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்றின் குஞ்சு தண்ணீரில் மிதக்கிறது. பலகை இறங்கும் வாரத்தில் எது மிதக்கிறதோ அதற்குத்தான் இடம்.

நுண்ணோக்கியில் சைப்ரிட், அதாவது ஒட்ட இடம் தேடும் பருவத்துப் பார்னக்கிள் குஞ்சு, நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். இந்தப் பருவத்தில் அது சாப்பிடுவதே இல்லை, சேர்த்து வைத்த கொழுப்பு தீருவதற்குள் இடம் பிடித்தாக வேண்டும். உணர்கொம்பு இரண்டையும் கால் மாதிரி வைத்து நடக்கும், தொட்டுப் பார்க்கும், பிடிக்காவிட்டால் நீந்திப் போய்விடும். பிடித்துவிட்டால் தலைப்பக்கத்தைப் பசையால் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆயுசுக்கும் நகராது. தன் இனத்தின் வாடை அடிக்கும் இடம் என்றால் அதற்கு ரொம்ப இஷ்டம். பலகையில் அவை கூட்டம் கூட்டமாக இருப்பது அதனால்தான்.

இன்னொன்று மீன். மீன் நுழையாதபடி வலைக்கூண்டு போட்ட பலகையைக் கடற்பீச்சிகள் (நீரை உறிஞ்சிப் பீய்ச்சும், ஓடில்லாத பை போன்ற விலங்குகள்) மெத்தை போல மூடிவிட்டன. பக்கத்திலேயே திறந்து கிடந்ததில் ஓடில்லாத மெத்தென்ற உயிர்களை மீன்கள் கொறித்துவிட, ஓடு உள்ளவைதான் மிச்சம். இரண்டும் ஒரே கடல் என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

---

நான் முக்குளித்துக் கப்பல் அடி சுரண்டுகிறவன். ஓடிக்கொண்டே இருக்கும் கப்பலைவிட நங்கூரத்தில் கிடந்த கப்பல்தான் எங்களை வதைக்கும். கப்பல் கடல்நீரை உள்ளிழுக்கும் உறிஞ்சுவாய்க் கம்பிகளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு தோட்டமே இருக்கும். கப்பல்களில் டிபிடி (டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்ம விஷம்) கலந்த வண்ணப்பூச்சுக்கு 2008இல் உலக அளவில் தடை அமலுக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் செம்பு கலந்த வண்ணப்பூச்சு. செம்புக்கும் அசராதது வாட்டர்சிபோரா என்ற பிரையோசோவா, அதாவது கூட்டமாகப் படரும் நுண்விலங்கு. செம்பு வண்ணத்தின் மேலேயே அது தகடு தகடாகப் படரும். அந்தத் தகட்டின் மேல் மற்றவை ஏறிக்கொள்ளும், அவற்றுக்குச் செம்பு எட்டாது. சிலிக்கோன் பூச்சு வேறு ரகம். விஷம் இல்லை, பிடிமானம்தான் குறைவு. கப்பல் ஓடும்போது ஒட்டியவை வழுக்கி விழும், நின்ற கப்பலில் பெரிய பயன் இல்லை.

---

மழைக்காலத்தை விட்டுவிட்டீர்களே. கழிமுகத்தில் வெள்ளநீர் இறங்கி உப்பு குறைந்ததும் எங்கள் மிதவைக் கூண்டுகளில் கடற்பீச்சிகள்தான் முதலில் சொத்தென்று உதிர்ந்தன. பார்னக்கிள் கதவை மூடிக்கொண்டு கொஞ்ச நாள் தாங்கும். பிறகு செத்தவற்றின் வெற்று ஓடு ஒட்டியபடியே நிற்க, உப்பு திரும்பியதும் அதன் உள்ளேயும் மேலேயும் பச்சை ஆளிக் குஞ்சுகள் வந்து நூல் கட்டிப் பிடித்துக்கொண்டன. வலை கழுவும்போது அந்தப் பழைய ஓடுகளையும் சுரண்டி எடுத்துவிடுங்கள், பாதி வேலை அங்கேதான். முதல் பதிவுக்காரரிடம் ஒரு கேள்வி: பலகையின் வெளிச்சம் படும் பக்கம், நிழல் பக்கம் இரண்டையும் தனியாகக் கணக்கெடுத்தீர்களா? எங்கள் வலையில் மேலே பாசி, அடியில் எல்லாமே விலங்குகள்.