பூச்சு வேலைக்கு முன் ஒரு கேள்வி: அலாரத்துக்கு ஒயரா, வயர்லெஸ்ஸா?

புதுவாசல்:
இரண்டு மாடி வீடு. செங்கல் கட்டு முடிந்துவிட்டது, சுவர்ப் பூச்சு இன்னும் தொடங்கவில்லை. 3 வெளிக்கதவு, 8 ஜன்னல், வெளியே 4 கேமரா. எலெக்ட்ரீஷியன் "இப்பவே பைப் போட்டுடலாம்" என்கிறார். அலாரம் விற்பவர் "எல்லாம் வயர்லெஸ் வந்தாச்சு, சுவரைத் தொடாதீங்க" என்கிறார். இரண்டு பேரும் அவரவர் வியாபாரத்தைச் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்புக்கம்பி:
பூச்சுக்கு முன்னாடி கேக்குறீங்களே, அதுலயே பாதி பதில் இருக்கு. ஒயர் போடாததுக்கு ஜனங்க சொல்ற ஒரே காரணம் சுவரைக் கொத்தணும்ங்குறதுதான். உங்களுக்கு அது இல்லை.

ஒயர் அலாரத்தோட உயிர், சென்சார் முனையில வைக்கிற ஒரு சின்ன ரெசிஸ்டர் (மின்தடை). 5.6 கிலோ ஓம்னு வைங்க (பேனல், அதாவது எல்லா சென்சாரும் வந்து சேர்ற கட்டுப்பாட்டுப் பெட்டி, அதைப் பொறுத்து மதிப்பு மாறும்). கதவு மூடியிருந்தா பேனல் அந்த 5.6-ஐப் பார்க்கும். இன்னொரு 5.6-ஐ காந்த சுவிட்சுக்கு (கதவு மூடினா ஆன், திறந்தா ஆஃப்) இணையா போட்டா, கதவு திறந்ததும் 11.2 தெரியும். ஒயரை வெட்டினா முடிவிலி. ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி ஏமாத்தப் பார்த்தா பூஜ்யம். நாலு நிலையையும் பேனல் தனித்தனியா, அந்த நொடியே கண்டுபிடிக்கும். இதுக்கு பேட்டரி வேண்டாம், சிக்னல் வேண்டாம், ஆப் வேண்டாம்.

அலைவரிசை:
காகிதத்தில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் எத்தனை பேர் அந்த ரெசிஸ்டரைச் சென்சார் முனையில் வைக்கிறார்கள்? ஜன்னல் சட்டத்துக்குள் கையை விட்டுப் பற்றவைக்கச் சோம்பல்பட்டு, பேனல் பெட்டிக்குள்ளேயே டெர்மினலில் சொருகிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்தால் சுவருக்குள் ஒயர் ஷார்ட் ஆனாலும் பேனலுக்கு 5.6 கிலோ ஓம்தான் தெரியும். கதவு திறந்தே கிடந்தாலும் "எல்லாம் நலம்" என்று பச்சை விளக்கு எரியும்.

இன்னொன்று. கதவு, ஜன்னல், அசைவு என 15 சென்சாரின் ஒயர்கள் வீடு முழுக்க ஓடுகின்றன என்றால் அத்தனையும் ஆண்டெனாதான். பக்கத்தில் இடி இறங்கினால் அந்த நீளத்தில் தூண்டப்படும் மின்னழுத்தம் நேராகப் பேனலுக்கு வரும். எர்த் சரியில்லாவிட்டால் போர்டு போச்சு. வயர்லெஸ்ஸில் அந்த வழியே கிடையாது.

செம்புக்கம்பி:
ரெசிஸ்டரை பேனல்ல சொருகுறது ஆளோட தப்பு, ஒயரோட தப்பு இல்லை. பேனல் மூடியைத் திறந்து பாருங்க, டெர்மினல்ல பட்டை போட்ட ரெசிஸ்டர் வரிசையா தெரிஞ்சா பணம் கொடுக்காதீங்க. முடிஞ்சுது.

வயர்லெஸ்ஸுக்கு வருவோம். கிட் கிட்டா விக்கிற பெட்டியில நிறைய 433.92 மெகாஹெர்ட்ஸ், இவி1527 சிப் வகை. அதுல 20 பிட் எண் ஒண்ணு, எப்பவும் மாறாது. அலாரத்தை அணைக்குற ரிமோட்டை நீங்க அழுத்துறப்ப ஒருத்தன் அதைப் பதிவு பண்ணிட்டா, நாளைக்கு அவனே அணைச்சுட்டு உள்ளே வரலாம். அதோட இது ஒருவழிப் பேச்சு. சென்சார் கத்திட்டுத் தூங்கிடும், கேட்டுச்சா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அதே அலைவரிசையில யாராவது தொடர்ந்து இரைச்சல் போட்டா கதை முடிஞ்சது.

அலைவரிசை:
மாட்டுவண்டியைக் காட்டி கார் ஓடாது என்கிறீர்கள். இவி1527 வாங்கக் கூடாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. நான் சொல்வது இருவழித் தொடர்பு உள்ளது. சென்சார் அனுப்பும், ஹப் (வயர்லெஸ்ஸில் பேனலின் இடத்தில் இருக்கும் பெட்டி) "வந்தது" என்று பதில் சொல்லும், பதில் வராவிட்டால் சென்சார் மறுபடி அனுப்பும். செய்தி 128 பிட் ஏஇஎஸ் என்ற மறையாக்கப் பூட்டோடு போகும், ஒவ்வொரு முறையும் மாறும். பதிவு பண்ணித் திருப்பி ஒலிபரப்பினால் வேலைக்காகாது. இரைச்சல் போட்டால் ஹப் வேறு அலைவரிசைக்குத் தாவும், ஜாமிங் என்று எச்சரிக்கையும் அனுப்பும்.

பேட்டரிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சிஆர்123ஏ செல் சுமார் 1500 மில்லியாம்ப் மணி. கதவு சென்சார் சராசரியாக 20 மைக்ரோஆம்ப் இழுத்தால் 75,000 மணி நேரம், அதாவது எட்டரை வருடம். உண்மையில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு வருடம். உங்கள் பேனலில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்ப் மணி ஈய பேட்டரியும் 3 முதல் 5 வருடத்தில் மாற்ற வேண்டியதுதானே?

செம்புக்கம்பி:
அது ஒண்ணு. இது பதினஞ்சு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாள் செத்துப் போகும், அதுவும் ஏணி எட்டாத ஜன்னல்லதான் முதல்ல. சிஆர்2032 போட்ட மெலிசு சென்சாரா இருந்தா 220 மில்லியாம்ப் மணிதான், மேல சொன்ன கணக்கை ஏழால வகுத்துக்குங்க.

சரி, இருவழின்னே வைப்போம். சென்சார் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை "இருக்கேன்"னு சொல்லும்?

அலைவரிசை:
அமைப்பில் மாற்றலாம். 60 விநாடிக்கு ஒன்று, தொடர்ந்து 5 வராவிட்டால் காணோம் என்று முடிவு என வைத்தால் 5 நிமிடம். விநாடியைக் குறைத்தால் சீக்கிரம் தெரியும், பேட்டரி அதற்கேற்பக் குறையும்.

செம்புக்கம்பி:
அஞ்சு நிமிஷம்! ஒயரை வெட்டினா ஒரு நொடி. இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

மல்டிமீட்டர்:
இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறீர்கள்: தொடர்பு அறுந்தால் பேனலுக்குத் தெரிகிறதா, எவ்வளவு நேரத்தில் தெரிகிறது. விற்பவர் எந்தப் பெயர் சொன்னாலும் கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அலாரத்தை அணைத்த நிலையில் ஒரு சென்சாரைத் திறந்து பேட்டரியைக் கழற்றி மேசையில் வைக்கச் சொல்லுங்கள். மூடி திறந்ததற்கு ஓர் எச்சரிக்கை வரலாம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருங்கள். "சென்சார் காணவில்லை" என்று எத்தனை நிமிடத்தில் வருகிறது? சிலவற்றில் பல மணி நேரம் ஆகும். சிலவற்றில் வரவே வராது. வராததை வாங்காதீர்கள்.

ஆனால் கேமராவைப் பற்றி யாருமே பேசவில்லை. அங்கே எனக்கு விவாதமே இல்லை, ஒயர்தான். "வயர்லெஸ் கேமரா" என்று விற்கும் வைஃபை கேமராவுக்கும் அடாப்டர் ஒயர் சுவரில் தொங்கத்தான் போகிறது. ஒயர் இழுப்பது என்று ஆன பிறகு நெட்வொர்க் கேபிளையே இழுத்துவிட்டால் மின்சாரமும் படமும் ஒன்றிலேயே போகும். கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் 802.3ஏஎஃப் தரத்தில் கேமரா முனைக்கு 12.95 வாட் கிடைக்கும், 100 மீட்டர் வரை. பேட்டரி கேமராவோ தூங்கிக்கொண்டே இருக்கும், அசைவு தெரிந்து விழிப்பதற்குள் ஆள் பாதி தூரம் போயிருப்பான்.

அந்த 12 வோல்ட் அடாப்டரில் வரும் வழக்கமான கோளாறு இது. பகலில் கேமரா நன்றாக ஓடும், இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். கேமராவை மாற்றுவார்கள், அதுவும் அப்படியே. காரணம் ஒயர். 0.5 சதுர மி.மீ. ஒயரில் 30 மீட்டர் போய்த் திரும்பினால் 60 மீட்டர், சுமார் 2 ஓம். பகலில் 0.3 ஆம்ப், இழப்பு 0.6 வோல்ட். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் 0.8 ஆம்ப், இழப்பு 1.6 வோல்ட். கேமராவுக்கு மிஞ்சுவது 10.4. பெரும்பாலான கேமராக்களுக்குக் கீழ் வரம்பு 10.8. நெட்வொர்க் கேபிளில் 48 வோல்ட் அளவில் அனுப்புவதால் ஆம்ப் குறைவு, இந்தத் தொல்லை இல்லை.

அலைவரிசை:
கேமராவில் நான் எதிர்க்கட்சி இல்லை. ஒரு 4 மெகாபிக்சல் கேமரா 4 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 4 மெகாபிட்) என்றால் நான்கும் சேர்ந்து 16, இடைவிடாமல். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை அதற்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். பதிவுக் கணக்கும் அதோடு பார்த்துக்கொள்ளுங்கள்: கேமராவுக்கு நாளைக்கு 43 ஜிபி, நான்குக்கு 173. இரண்டு டெராபைட் டிஸ்க் பதினோரு நாள் தாங்கும்.

கேபிள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று சொல்லி விற்பார்கள். உள் இழை ஒன்றை எடுத்து பிளேடால் அழுத்திச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். தடை சுமார் ஒன்றரை மடங்கு, இரண்டு முறை மடக்கினால் முறியும். சுவருக்குள் அதைப் புதைக்காதீர்கள்.

புதுவாசல்:
கேமராவுக்கு ஒயர், புரிந்தது. கதவு ஜன்னலுக்கு பைப் மட்டும் போட்டு வைத்துவிட்டு, ஒயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

செம்புக்கம்பி:
பைப்புக்குள்ள இழுகம்பி (பிறகு ஒயரைக் கட்டி இழுக்க) விட்டு வச்சா பண்ணலாம். ஆனா பூச்சு ஆளுங்க கலவையைப் பைப் வாய்க்குள்ள விட்டுடுவாங்க, அடைச்சா அவ்வளவுதான். வாயைத் துணி வச்சு அடைச்சு டேப் சுத்துங்க. என்னைக் கேட்டா ஒயரையே இப்ப விட்டுடுங்க:

ஒவ்வொரு சென்சாருக்கும் தனி ஒயர், நேரா பேனலுக்கு. ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவ வேண்டாம், சுவருக்குள்ள இணைப்பே கூடாது. கதவு ஜன்னலுக்கு 4 இழை, அசைவு சென்சாருக்கு 6 இழை (மின்சாரத்துக்கு 2, அலாரத்துக்கு 2, மூடி திறந்தா சொல்ல 2). வீட்டு கரண்ட் ஒயர் போற பைப்புல இதைச் சேர்க்கவே கூடாது. இணையா ஓடினா 30 செ.மீ. தள்ளி, குறுக்கே போனா நேர்க் குறுக்கா. பேனல் பக்கம் ஒரு மீட்டர் மிச்சம் விடுங்க, ரெண்டு முனையிலயும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்க. பூசறதுக்கு முன்னாடி சுவர் சுவரா டேப் அளவோட போட்டோ எடுத்துக்குங்க, நாளைக்கு ஆணி அடிக்குறவன் உங்க ஒயர்லதான் அடிப்பான்.

மல்டிமீட்டர்:
பூச்சுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஒயரையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு முனையில் இரண்டு இழையை முறுக்கிவிட்டு மறுமுனையில் ஓம் பாருங்கள். 0.22 சதுர மி.மீ. ஒயரில் 20 மீட்டர் ஓட்டத்துக்கு சுமார் 3 ஓம் வரும். 10, 15 என்று காட்டினாலோ ஆட்டும்போது மாறினாலோ உள்ளே ஏதோ அறுகிறது. முறுக்கைப் பிரித்தால் முடிவிலி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எங்கோ தோல் உரிந்திருக்கிறது, பூசுவதற்கு முன்பே மாற்றுங்கள்.

இரண்டு முகாமும் மறப்பது ரவுட்டரை. கரண்ட் போனால் பேனல் ஒருநாள் தாங்கும்: மொத்தம் 200 மில்லியாம்ப் இழுத்தால் 7 ஆம்ப் மணிக்கு 35 மணி நேரம், பேட்டரி பழசாவதைக் கழித்து 24 என்று வையுங்கள். ஆனால் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அந்த நிமிடமே அணைந்துவிடும். செய்தி வெளியே போகாது. அவற்றுக்குச் சிறு யுபிஎஸ் ஒன்று, பேனலில் சிம் வசதி ஒன்று, இரண்டும் வேண்டும்.

அலைவரிசை:
மூன்று கதவுக்கும் ஒயர் போடுங்கள், மறுக்கவில்லை. மாடி ஜன்னலுக்கு மட்டும் வயர்லெஸ் விடுங்கள். ஒயர் பேனலுக்கு வயர்லெஸ் ரிசீவர் சேர்க்கலாம், வயர்லெஸ் ஹப்புக்கு ஒயர் சென்சாரை இணைக்கும் மாட்யூலும் உண்டு. ஒன்றே ஒன்றைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்றில்லை. ஹப்பை இரும்புப் பெட்டிக்குள்ளோ, மீட்டர் பலகைக்குப் பக்கத்திலோ, ரவுட்டர் மேலேயோ வைக்காதீர்கள். "திறந்தவெளியில் 2000 மீட்டர்" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். உங்கள் மாடித்தளம் கம்பி கட்டிய கான்கிரீட். 6 டெசிபெல் இழப்புக்கே திறந்தவெளித் தூரம் பாதியாகும், ஒரு கான்கிரீட் சுவர் அதைவிட அதிகம் விழுங்கும்.

ஜன்னல் சட்டம் என்ன?

புதுவாசல்:
எல்லாம் அலுமினியம்.

அலைவரிசை:
அப்படியானால் சென்சாரை நேராகச் சட்டத்தில் ஒட்டாதீர்கள். உலோகத்தோடு ஒட்டி இருந்தால் ஆண்டெனாவின் இசைவு கெடும். நடுவில் பிளாஸ்டிக் தக்கை வையுங்கள், காந்த இடைவெளி தயாரிப்பாளர் சொன்ன மி.மீ.க்குள் இருக்கட்டும். முதலில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி, ஒரு வாரம் ஜன்னல், கதவு எல்லாம் மூடிய நிலையில் சிக்னல் அளவைப் பார்த்துவிட்டு அப்புறம் திருகுங்கள்.

செம்புக்கம்பி:
டேப் ஒட்டி ஒரு வாரம் காவல் காக்கணுமா? என் ரெசிஸ்டருக்கு அந்த வேலையே இல்லை.

அலைவரிசை:
அலுமினியச் சட்டத்தில் ஓட்டை போட்டால் உத்தரவாதம் போய்விடுமா என்று ஜன்னல்காரரிடம் முதலில் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

செம்புக்கம்பி:
சட்டத்துல எதுக்கு ஓட்டை? ஒயர் பக்கத்துச் சுவர்ல வரும், சுவிட்சு சட்டத்தோட உள் ஓரத்துல ஒட்டும், காந்தம் நகர்ற கதவுல. புதுவாசல், ஜன்னல் வேலை பூச்சுக்குப் பிறகுதானே? ஒவ்வொரு ஜன்னல் ஓரத்துலயும் ஒயரை 30 செ.மீ. வெளியே சுருட்டி விட்டுடுங்க. வேண்டாம்னு முடிவு பண்ணா வெட்டி பூசிடலாம், வேணும்னு முடிவு பண்ணப்புறம் உள்ளே விட முடியாது.