மறு: ஆல் டெரைன் டயருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் ஐயா,

தார்ச்சாலையிலும் மண்தடத்திலும் ஓடுகிற ஆல் டெரைன் டயரின் பெயருக்கு நீங்கள் எழுதியது:

> ‘அனைத்துநிலச் சக்கரம்’ என்றே வைக்கலாம். மூலத்தில் ‘ஆல்’ இருக்கிறதே.

‘எல்லா’ என்கிற அந்த ‘ஆல்’தான் (all) சிக்கல். அது விற்கிறவர் வைத்த பெயர். இந்த டயரில் பட்டன்கள், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், ஓரளவு நெருக்கமாக இருக்கும். அதனால் தார்ச்சாலையில் இரைச்சல் குறைவு, தேய்மானமும் குறைவு. களிமண்ணில் அதே நெருக்கம் வினையாகிவிடும். சேறு இடுக்கில் அப்பிக்கொண்டால் மொட்டை டயர் மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றும். சேற்றுக்கென்றே இடைவெளி அகன்ற வகை தனியாக இருக்கிறது. இதை ‘அனைத்து’ என்றால் அதற்கு என்ன வேலை?

‘சக்கரம்’ என்றால் ரிம்மும் சேர்ந்துவிடும். டயரை ‘உருளிப்பட்டை’ என்று கடையில் கேட்டால் ஃபேன் பெல்ட்டை எடுத்து நீட்டுவார்கள். டயர் டயராகவே இருக்கட்டும்.

என் பரிந்துரை ‘பல்தரை டயர்’. நேற்று ஒருவர் சொன்ன ‘பல்திணை’ கேட்க அழகுதான். ஆனால் திணை என்றால் பூவும் பறவையும் தெய்வமும் கூடவே வரும். டயர் தொடுவது தரையை மட்டும். ‘பல்’ என்பதைப் பல்லாக எடுத்துக்கொள்வார்களே என்றால், எடுத்துக்கொள்ளட்டும், பட்டன்கள் பல்வரிசை மாதிரிதானே இருக்கின்றன! மற்ற இரண்டு வகைகளில் சேற்றுக்கானது ‘சேற்றுத்தரை டயர்’, தார்ச்சாலைக்கானது ‘சாலை டயர்’.

டயரின் வலுவைச் சொல்லும் ‘10 பிளை’யைப் (10 ply) ‘பத்து அடுக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றியே ஆகவேண்டும். அந்தக் காலப் பருத்தி நூல் டயரில் அடுக்கை எண்ணிச் சொன்னது அது. இன்றைய ரேடியல் வகை டயரில் பத்து அடுக்கு கிடையாது, அந்த அளவு வலு என்பதுதான் பொருள். ‘சுமைத்தரம்’ போதும். கனமான வண்டிக்கு டயர் பார்க்கிறவர் அதோடு, ஒரு டயர் எத்தனை கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும் ‘சுமைக் குறியெண்’ணையும் பார்ப்பார். தண்ணீர், டீசல், கூரைக் கூடாரம் எல்லாம் ஏற்றிப் பின்அச்சில் 2,600 கிலோ இறங்கினால் டயருக்கு 1,300. குறியெண் 121 என்றால் 1,450 கிலோ தாங்கும்; 115 என்றால் 1,215தான். பட்டன் எவ்வளவு முரடாக இருந்தாலும் இங்கே உதவாது.

அப்புறம் டயரின் பக்கவாட்டுக்கு நீங்கள் வைத்த ‘பக்கச்சுவர்’ (sidewall). இதற்கு ‘விலா’ என்று வைக்கலாமா? மேற்கு ஆஸ்திரேலியாவில் கிப் ரிவர் சாலை என்று 660 கி.மீ. தடம் இருக்கிறது, பெரும்பகுதி சரளையும் கல்லும். குலுக்கல் குறையக் காற்றை இறக்கி ஓட்டுவார்கள். இறக்கினால் டயரின் பக்கம் பிதுங்கி வெளியே வரும். கூர்ங்கல் அங்கேதான் கிழிக்கும். பட்டனில் ஆணி ஏறினால் ஒட்டிவிடலாம், விலா கிழிந்தால் ஸ்டெப்னிதான். சுவர் எங்கே ஐயா பிதுங்கும்?

ஒன்று மட்டும் எனக்கும் பிடிபடவில்லை. ஈரத்திலும் பனியிலும் பிடிக்க, பட்டன் மேல் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் இருக்குமே, அதற்கு இப்போதைக்குக் ‘கீற்று’ என்று போட்டிருக்கிறேன். தென்னங்கீற்று நினைவுக்கு வருகிறது என்கிறாள் மகள். வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.