மறு: அர்பன் கம்ப்யூட்டிங் – ‘நகர்க்கணிமை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நகரத்தின் தரவுகளைத் திரட்டிக் கணிக்கும் ‘அர்பன் கம்ப்யூட்டிங்’ (urban computing) துறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் கேள்வி. இந்த இழையில் வந்த பரிந்துரைகளில் ‘பொலிவுறு நகர்த் தொழில்நுட்பம்’ என்பதை முதலில் விலக்கிவிடலாம். ‘ஸ்மார்ட் சிட்டி’க்குப் பொலிவுறு நகரம் என்பது அரசு வழக்கில் நன்றாகவே பரவிவிட்டது, அது இருக்கட்டும். ஆனால் அது ஓர் இலக்கின் பெயர். நமக்கு வேண்டியது ஒரு வேலையின் பெயர்.

என்ன வேலை? பெய்ஜிங்கில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தார் செய்ததைப் பாருங்கள். 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்சிகளின் ஜிபிஎஸ் பதிவுகளை எடுத்து, எந்த நேரத்தில் எந்த வழி விரைவானது என்று கணித்தார்கள். ஓட்டுநர்கள் அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்தது அந்தப் பதிவுகளிலிருந்து கிடைத்தது. 2013-இல் அதே ஆய்வகத்தாரின் காற்று மாசு பற்றிய ஆய்வு வந்தது. அளவீட்டு நிலையமே இல்லாத பகுதியில் காற்று எப்படி இருக்கும்? இருக்கிற சில நிலையங்களின் அளவோடு வானிலை, போக்குவரத்து, சாலை அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஊகித்தார்கள். வேறு வேறு காரணத்துக்காகத் திரட்டிய தரவுகளை ஒன்றாக வைத்துக் கணிப்பதுதான் இந்தத் துறைக்கு உயிர். சொல்லில் ‘கணி’ வந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

‘நகர்ப்புறக் கணினியியல்’ என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். கணினியியல் என்றால் கணினியைப் பற்றிய படிப்பு. இங்கே ஆராயப்படுவது நகரம். கம்ப்யூட்டிங்குக்குக் கணிமை ஏற்கெனவே இருக்கிறது. கிளவுட் கம்ப்யூட்டிங்கை மேகக் கணிமை என்று பழகியும் விட்டோம். ‘புறம்’ இல்லாமலே பொருள் விளங்குகிறது.

ஆக, நகர்க்கணிமை. இதற்கு எழுந்த எதிர்ப்பு நியாயமானது: நகர் என்றால் நகர்வதும்தானே, மொபைல் கம்ப்யூட்டிங் என்று நினைத்துவிட மாட்டார்களா? இலக்கணம் இங்கே கைகொடுக்கிறது. நகர்கின்ற கணிமை என்றால் அது வினைத்தொகை. ஊறுகாய் போல வல்லினம் மிகாமல் ‘நகர்கணிமை’ என்றுதான் வரும். நகரத்துக்கான கணிமை என்றால் ஒற்று மிகும். வாய்விட்டுச் சொன்னாலும் வேறுபாடு கேட்கும். இணையத்தில் ஒற்றை விட்டு எழுதுகிறவர்கள் நிறைய என்பது உண்மை. ஆனால் ‘நகரக் கணிமை’ என்று மாற்றினாலும் சிக்கல் தீராது. ‘நகரச் சொன்னான்’ என்பதில் வினையெச்சத்துக்குப் பின்னும் ஒற்று மிகுகிறதே. அதனால் குறுகிய வடிவமே போதும்.

அப்புறம், வரையறை. சொல்லைவிட எனக்கு இதில்தான் கவலை அதிகம். பாஸ்டன் நகரில் ‘ஸ்ட்ரீட் பம்ப்’ என்றொரு செயலி வந்தது. காரில் வைத்த கைபேசி குலுங்குவதைக் கொண்டு சாலைப் பள்ளம் எங்கே என்று பதிவு செய்யும். நல்ல யோசனைதான். ஆனால் காரும் ஸ்மார்ட்போனும் குறைவாக உள்ள பகுதிகளின் பள்ளங்கள் அதில் குறைவாகவே பதிவாகும். பள்ளம் இருக்கும், தரவு இருக்காது. அகராதியில் போடும்போது தரவு எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் வரைவு இது, திருத்துங்கள்:

நகர்க்கணிமை (பெயர்ச்சொல்): உணரிகள், வாகனங்கள், கைபேசிகள், அலுவலகப் பதிவுகள் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் நகரத் தரவுகளை இணைத்து, எந்தப் பகுதியின் தரவு விடுபட்டிருக்கிறது என்பதையும் கணக்கில் கொண்டு, போக்குவரத்து, காற்று, நீர், மின்சாரம் போன்றவற்றின் சிக்கல்களைக் கணித்துத் தீர்க்க முயலும் துறை.

‘அலுவலகப் பதிவுகள்’ என்பதற்கு இன்னும் துல்லியமான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.