நாய்க்கடி ஊசிக்குப் போன இடத்துல உங்களுக்கு என்ன நடந்துச்சு?

மொட்டைமாடி:
போன வியாழக்கிழமை பையனைத் தெருநாய் கெண்டைக்கால்ல கவ்விடுச்சு. ரத்தம். சோப்புப் போட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துல (பி.ஹெச்.சி.) ஏ.ஆர்.வி. தடுப்பூசி போட்டு, பெரியாஸ்பத்திரி (ஜி.எச்.) போய் சீரமும் போட்டாச்சு. அவன் நல்லா இருக்கான். நான் சொல்ல வந்தது அது இல்ல.

பி.ஹெச்.சி. வரிசையில எங்களுக்கு முன்னாடி ஒரு பெரியவர். அறுபது இருக்கும். வேட்டி ஓரமெல்லாம் செம்மண், சூளை வேலையா இருக்கும். புறங்கையில துணி சுத்தியிருந்தார். சிஸ்டர் பிரிச்சுப் பார்த்தா உள்ள மஞ்சளும் மொளகாப் பொடியும் அப்பிக் கெடக்கு. "எப்பய்யா கடிச்சுது?" "முந்தாநாத்து." குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய்க் கழுவவிட்டு, ரெண்டு தோள்லயும் ஊசி போட்டுட்டு, "இது மட்டும் பத்தாது, காயத்துக்குள்ளயே சீரம் போடணும், இங்க ஸ்டாக் இல்ல, இன்னிக்கே ஜி.எச். போங்க"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. அவர் சீட்டை நாலா மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டு, "பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும்?"னு கேட்டார். யாரைப் பார்த்தும் கேக்கல, பொதுவா.

எங்களுக்கும் அதே சீட்டுதான். பைக்ல நான், பையன், வீட்டுக்காரி. நாப்பது நிமிஷத்துல ஜி.எச். ரெண்டு மணி நேரம் அங்க உட்கார்ந்திருந்தோம். அவர் வரல. கையில ஒரு நூறு ரூபாயாவது கொடுத்திருக்கலாம். அப்பத் தோணவே இல்ல.

3ஆம் நாள் ஊசிக்குப் போனப்ப கண்ணு அவரைத்தான் தேடுச்சு. காலையிலயே வந்து போட்டுட்டுப் போயிட்டாராம்.

தறிச்சத்தம்:
எங்க காலத்துல தொப்புளைச் சுத்தித்தான். 1987, அஞ்சாங்கிளாஸ். பக்கத்து வீட்டு நாய். தெனம் காலையில அப்பா சைக்கிள் கேரியர்ல உட்கார வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவார். பதினாலு நாள். ஆறேழு நாளைக்கு அப்புறம் வயித்துல தடிப்பில்லாத இடம் இருக்காது, கம்பவுண்டர் விரலால அமுக்கி அமுக்கித் தேடுவார். அந்த விரலோட சில்லிப்பு இன்னும் ஞாபகம் இருக்கு, ஊசி வலி மறந்துபோச்சு. வெளிய வந்ததும் ஒரு பட்டர் பன்.

அது ஆட்டு மூளையில செஞ்ச மருந்துன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். 2004 கடைசியில நாடு முழுக்க நிறுத்திட்டாங்க. ஆனா பயம் நிக்கல. எங்க தறிப்பட்டறைப் பையன் ஒருத்தன் கடிபட்டதை மறைச்சுட்டான். ஏன்டான்னா "பதினாலு ஊசிண்ணா, வயித்துல"ங்கிறான். அவன் பொறந்ததே 2006ல.

ரெண்டாம் ஆட்டம்:
எல்லாரும் ஊசியைப் பத்தியே பேசுறீங்க. கடிச்ச நாயைப் பத்தி யாராச்சும் பேசுறீங்களா? சாப்பாடு டெலிவரி பண்றேன். ராத்திரி ஒரு மணிக்கு எங்க ஏரியா பால் பூத் தாண்டுறப்ப ரெண்டு காலையும் பெட்ரோல் டேங்க் மேல தூக்கி வச்சுக்கிட்டுத்தான் ஓட்டுவேன். ஒரு நாள் ஒண்ணு பேன்ட்டைப் பிடிச்சுடுச்சு, வண்டி சாய்ஞ்சு சாம்பார் ரோட்டுல. கஸ்டமர் ஒரு ஸ்டார் போட்டார்.

2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு டெல்லி நாயையெல்லாம் பிடிச்சு அடைக்கச் சொன்னப்பதான் நம்மளையும் யோசிக்கிறாங்கன்னு இருந்துச்சு. 22ஆம் தேதியே மாத்திட்டாங்க, கருத்தடை பண்ணி, தடுப்பூசி போட்டு அதே இடத்துல விடணுமாம். அந்த ‘அதே இடம்’ எங்க பால் பூத் வாசல்.

சோறு வைக்கிறவ:
தம்பி, வெறிபிடிச்சதையும் மூர்க்கமா இருக்கிறதையும் திருப்பி விடச் சொல்லல. கண்ட இடத்துல சோறு வைக்கக் கூடாது, அதுக்குன்னு தனி இடம் ஒதுக்கணும்னும் அதே உத்தரவுல இருக்கு. அது என்னைத்தான் சொல்லுது, ஒத்துக்கிறேன். ஆனா எல்லாத்தையும் அள்ளிட்டுப் போனா காலியான தெருவுக்கு ஊசி போடாத புது நாய் வரும். ஒரு ஏரியாவுல நூத்துக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி இருந்தாலே வெறிநோய் பரவுறது அறுந்துடும். எங்க தெருவுல ஒம்போதுல ஏழுக்குக் காதுல வெட்டு இருக்கு, கருத்தடையும் தடுப்பூசியும் ஆனதுக்கு அடையாளம். வந்து பாருங்க.

என்னையும் கடிச்சிருக்கு, மறைக்கல. ஏற்கெனவே முழுசா போட்டவங்களுக்கு, முதல் ஊசி நாளை 0ன்னு வச்சு, 0, 3ன்னு ரெண்டு நாள் போதும், சீரம் தேவையில்லை. ஒரு தனியார் கிளினிக்ல அஞ்சு ஊசி, சீரம், எல்லாம் சேர்த்து பில் போட உட்கார்ந்துட்டாங்க. பழைய கார்டை எடுத்துக் காட்டினதும் அந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்கல, கால்குலேட்டரைப் பார்த்தார்.

பனங்கூடல்:
நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் விசர்நாய்க்கடி எண்டுதான் சொல்லுவம். சின்ன வயசில அம்மம்மாவை ஆஸ்பத்திரியில வச்சிருந்த நேரம், தள்ளி ஒரு அறையில ஒருத்தர் கிடந்தவர். தான் வளர்த்த குட்டிதானாம், பல்லு கொஞ்சம் கீறினது, பெரிசா எடுக்கேல்லை. மாதக்கணக்கு கழிச்சு வந்திருக்குது. தண்ணிக்குப் பயம் எண்டு எல்லாருக்கும் தெரியும். நான் கண்டது வேற. யாரோ மின்விசிறியைப் போட்டினம். அந்த மனிசன் கழுத்து நரம்பெல்லாம் இழுபட, போடவேண்டாம் எண்டு கையெடுத்துக் கும்பிட்டார். அறிவு தெளிவாத்தான் இருந்தது. விசிறியை நிப்பாட்டினாப் பிறகு "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டும் சொன்னவர்.

அடுத்த நாள் அந்தக் கட்டில் வெறுமையாக் கிடந்தது.

நைட் டியூட்டி:
நான் ஸ்டாஃப் நர்ஸ். என் கதை சின்னது. ரிஜிஸ்டர்ல 0, 3, 7, 28ன்னு நாலு கட்டம். கடைசிக் கட்டத்துல எத்தனை காலின்னு எண்ணிப் பார்க்கவே பிடிக்காது. போன் பண்ணினா "புள்ள நல்லா வெளையாடுது சிஸ்டர்"ங்கிறாங்க. அறிகுறி வந்தா மருந்தே இல்லாத நோய்க்கு ‘நல்லா இருக்கு’ங்கிறது ஒரு கணக்கா?

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். கடிச்ச உடனே ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. ரெண்டு நிமிஷம் இல்ல, பதினஞ்சு. மொளகாப் பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், எதையும் வைக்காதீங்க. நல்ல தோல்ல நாய் நக்கினா ஒண்ணும் வேண்டாம். ரத்தம் வராத நகக்கீறலுக்கும் ஊசி உண்டு. பல் பதிஞ்சு ரத்தம் வந்தா, இல்ல புண்ணு மேல நக்கினா, ஊசியோட சீரமும் சேர்த்து. ஊசி போட்டு உடம்பு எதிர்ப்பு சக்தியை உண்டாக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் காவலுக்கு நிக்கிறது சீரம்தான். அதனாலதான் அதைக் கடிவாயிலேயே இறக்குறோம். வலிக்கும். முகம், கழுத்துன்னா இன்னும் சீக்கிரம் வாங்க, மூளை பக்கத்துல இருக்கு. அவசரமில்லாம தையல் போடச் சொல்லாதீங்க. பூனை, குரங்குக்கும் இதேதான். கறி சாப்பிடக் கூடாதுங்கிற பத்தியமெல்லாம் கிடையாது. கர்ப்பிணிக்கும் போடலாம். நாயைப் பத்து நாள் கட்டி வச்சுப் பார்த்துட்டுப் போட்டுக்கலாம்னு உட்காராதீங்க. முதல்ல ஊசி, அப்புறம் நாயைப் பாருங்க.

மொட்டைமாடி, நீங்க சொன்ன ஆளுக்கு இன்னும் நேரம் இருக்கு. முதல் ஊசி போட்ட நாள்ல இருந்து 7ஆம் நாள் வரைக்கும் சீரம் போடலாம், அதுக்கு மேல பிரயோஜனமில்ல. அவர் கார்டுல சீரம்னு எழுதியிருக்கான்னு அங்க யாராச்சும் பார்த்தாங்களா?

ரெண்டாம் ஆட்டம்:
ஒம்போதுல ஏழுன்னா மீதி ரெண்டு எந்தத் தெருவுல இருக்குன்னு சொல்லுங்கக்கா. நான் அந்தப் பக்கம் ஆர்டர் எடுக்கல.

சோறு வைக்கிறவ:
அதுங்க ரெண்டும் குட்டி. ஊசி போடுற வயசு இன்னும் ஆகல.

மொட்டைமாடி:
சிஸ்டர், பி.ஹெச்.சி.க்குப் போன் போட்டுக் கேட்டேன். சீரம் போட்டாச்சான்னு கேட்டதுக்கு "ஆச்சும்மா"ன்னு சொன்னாராம். கார்டுல எழுதல. அவர்கிட்ட போன் கிடையாது, முகவரியில ஊர் பேர் மட்டும்தான் இருக்கு.

நாளைக்கு 7ஆம் நாள். அவரும் கார்டோட வரணும். பையனை வீட்டுக்காரி பத்து மணிக்கு பஸ்ல கூட்டிட்டு வரட்டும்னு சொல்லிட்டேன். நான் எட்டு மணிக்கே போய் நிக்கிறேன். பைக்ல பின்சீட்டு காலியா இருக்கணும்.