நிவாரண முகாமை வைத்து ரிப்போர்ட்டட் ஸ்பீச்: எங்கிருந்து தொடங்குவது?

கூடலூர்_பத்தாம்வகுப்பு:
தமிழ் மீடியம், 38 பிள்ளைகள், 40 நிமிட பீரியடு. மண்சரிவு, நிவாரண முகாம் இவற்றை வைத்து ரிப்போர்ட்டட் ஸ்பீச், அதாவது ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் வாக்கியம், நடத்தலாம் என்றிருக்கிறேன். ஆகஸ்ட் மழை என்றால் என்னவென்று இந்தப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 'வில் என்றால் வுட், கேன் என்றால் குட்' என்று ஒப்பித்துவிடுகிறார்கள். எழுதச் சொன்னால் மட்டும் 'ஹீ டோல்ட் தட் ஐ வில் கம்', 'ஹீ ஆஸ்க்ட் வேர் இஸ் த கேம்ப்'. என்ன செய்யலாம்?

கோத்தகிரி_இலக்கணம்:
இரண்டு தவறுக்கும் வேர் தமிழில் இருக்கிறது. 'நான் வருவேன் என்றார்' என்கிறோம். 'நான்' மாறுவதில்லை, காலமும் மாறுவதில்லை, 'என்று' எல்லாவற்றையும் சுமந்துகொள்கிறது. அதனால் அட்டவணையை மூடிவிட்டு, தமிழ் வாக்கியத்தின் வாலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

'லாரி வந்துச்சான்னு கேட்டார்': '-ஆ' வந்தால் இஃப். 'ஹீ ஆஸ்க்ட் இஃப் த லாரி ஹேட் கம்.' எங்கே, எப்போது, எத்தனை என்று வந்தால் அந்தக் கேள்விச்சொல்லே போதும், தட் கூடாது. வினை பின்னால் போகும்: 'வேர் த கேம்ப் வாஸ்'. 'முகாம் எங்கே இருக்கிறது' என்பதிலும் வினை கடைசியில்தானே. 'வரச் சொன்னார்' என்பது 'டோல்ட் தெம் டு கம்'. 'போக வேண்டாம் என்றார்' என்றால் 'டோல்ட் தெம் நாட் டு கோ'. இதை 'டு டோண்ட் கோ' என்று எழுதுவார்கள், காத்திருங்கள். டோல்ட் போட்டால் அடுத்த சொல்லே 'யாரிடம்' என்பதாக இருக்க வேண்டும். செட்டுக்கு அது தேவையில்லை.

அப்புறம் நம்முடைய '-ஆம்'. 'ரோடு அடைச்சிருக்காம்.' சொன்னவர் யாரென்று தெரியாத சேதி. ஆங்கிலத்தில் 'த ரோட் இஸ் செட் டு பி பிளாக்ட்'. பேரிடர்ச் செய்திகளில் இது அடிக்கடி வரும், நடத்தாமல் விடாதீர்கள்.

மூடுபனி:
சொற்களுக்கு வருகிறேன். நிவாரண உதவி என்ற பொருளில் வரும் எய்டோடு எஸ் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் நோயின் பெயராகிவிடும். கேஷுவல்டி என்றால் காயம்பட்டவரும் சேர்த்தி. 'பலி' என்று மட்டும் பொருள் எழுதிக்கொடுத்தால் ஆஸ்பத்திரியில் இருப்பவரையும் கொன்றுவிடுவோம்.

ரெஃப்யூஜி என்பவர் நாட்டு எல்லை தாண்டி அடைக்கலம் தேடியவர். 1951 அகதிகள் உடன்படிக்கை அவரைப் பற்றியது. நம் நீலகிரி அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியதே, அப்படி மழையில் வீடு போய் முகாமுக்கு வந்தவர் டிஸ்பிளேஸ்ட், இடம்பெயர்ந்தவர். கூடலூரில் மூன்றாவது சொல் ஒன்றும் வேண்டும்: 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களில் குடியேறியவர்கள் ரிபேட்ரியேட்ஸ், தாயகம் திரும்பியோர். உங்கள் வகுப்பிலேயே அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். கரும்பலகையில் எந்தச் சொல்லை எழுதுகிறோம் என்று கவனமாக இருங்கள்.

பயிற்சிக்கு மூன்று மூன்று பேராக உட்காரவையுங்கள். முதல் பிள்ளை மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குப் பேசுவதுபோல் ஆறு வாக்கியம் சொல்லும்: இரண்டு செய்தி, இரண்டு கேள்வி, இரண்டு வேண்டுகோள். இரண்டாவது கேட்டு எழுதும். அந்தப் பேச்சு மூன்றாவது பிள்ளையின் காதில் விழக்கூடாது. தாளை மட்டும் படித்து, என்ன, எங்கே, எத்தனை பேருக்கு என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் நிற்கும் இடத்தில்தான் பிழை இருக்கும்.

கூடலூர்_பத்தாம்வகுப்பு:
டுமாரோவை எப்போதும் 'த நெக்ஸ்ட் டே' ஆக்க வேண்டுமா?

கோத்தகிரி_இலக்கணம்:
தாளை அன்றே படித்தால் டுமாரோ அப்படியே நிற்கலாம். மறுநாள் படித்தால் மாற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் அரிசி லாரி ஒரு நாள் தள்ளிப் போய்விடும். ஹியரும் அப்படித்தான்: அதே முகாமில் நின்று சொன்னால் ஹியர், கலெக்டர் ஆபீஸிலிருந்து சொன்னால் தேர். மாறாத அளவுகளில் காலத்தைத் தள்ளாமலும் விடலாம். நிவாரணப் பணிக்கான சர்வதேச ஸ்ஃபியர் அளவுகோல்படி முகாமில் ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 3.5 சதுர மீட்டர் இடம். 'ஷீ செட் தட் ஈச் பர்சன் நீட்ஸ் 15 லிட்டர்ஸ்' என்றாலும் சரி, 'நீடட்' என்றாலும் சரி. பிள்ளை எதை எழுதினாலும் மார்க் குறைக்காதீர்கள்.

மூடுபனி:
செட்டோடு நின்றுவிட வேண்டாம். வார்ன்ட், அர்ஜ்ட் இரண்டும் ஆளைக் கேட்கும்: 'வார்ன்ட் தெம் நாட் டு கிராஸ்'. ப்ளெட்ஜ்ட் ஆளைக் கேட்காது: 'ப்ளெட்ஜ்ட் டு செண்ட் பிளாங்கெட்ஸ்'. டினைட், சஜெஸ்டட் பின்னால் ஐஎன்ஜி: 'சஜெஸ்டட் மூவிங் டு த ஸ்கூல்'. 'சஜெஸ்டட் டு மூவ்' தப்பு. முதல் நாளுக்கு இந்த ஐந்து வினை போதும்.