பையனைப் பத்தி எழுதுறேன், இப்போ அவனே படிக்க ஆரம்பிச்சுட்டான். என்ன பண்றது?

பாதித்தூக்கம்:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு இப்போ 8 வயசு. அவனுக்கு பேச்சு ரொம்ப லேட்டா தான் வந்துச்சு, அப்போ யார்கிட்ட சொன்னாலும் "அதெல்லாம் தானா வரும், நீ ஏன் இப்படி பயப்படுற"ன்னு முடிச்சுருவாங்க, அதனால ராத்திரி அவன் தூங்குனதுக்கப்புறம் பப்ளிக்கா எழுத ஆரம்பிச்சேன். ஸ்பீச் தெரபில நடந்தது, அவன் முதல் முறை வாய் திறந்து தண்ணி கேட்டது, நான் பாத்ரூம் கதவை சாத்திட்டு அழுதது, எல்லாமே. நிறைய அம்மாங்க இன்பாக்ஸ்ல வந்து "எங்க வீட்லயும் இதே தான்"னு பேசுனாங்க, அவங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ.

இப்போ என்னன்னா, அவனுக்கு எழுத்துக்கூட்டி படிக்க வந்துருச்சு. போனை எட்டிப் பாத்து "இது யாரும்மா, நானா?"ங்குறான். அது போதாதுன்னு அவன் கிளாஸ் பொண்ணு ஒருத்தியோட அம்மா ஸ்கூல் கேட்ல நிக்கும்போது "இப்போ நல்லா பேசுறான்ல?"ன்னு கேட்டாங்க. நல்ல மனசோட தான் கேட்டாங்க, ஆனா நான் அவங்ககிட்ட இதப் பத்தி மூச்சு கூட விட்டதில்லயே. அவன் பேரை எங்கயும் போட்டதில்ல, "குட்டி"ன்னு தான் எழுதுவேன்.

எழுதுறத விடணுமா? பழசை எல்லாம் டெலிட் பண்ணணுமா? விடவும் மனசில்ல, அதான் கேக்குறேன்.

கம்பிவால்:
வணக்கம்ங்க. நான் வேலை பாக்குறது ஆன்லைன் பாதுகாப்பு ஃபீல்டு தான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க. பேரை மறைச்சா போதும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா ஆளைக் காட்டிக் குடுக்குறது பேரு இல்ல, சின்னச் சின்ன விவரம் ஒண்ணோட ஒண்ணு சேர்றது தான். பர்த்டே அன்னைக்கு கேக் போட்டோ, இன்னொரு நாள் யூனிஃபார்ம்ல ஒரு போட்டோ, வேற ஒரு நாள் "சாயந்திரம் நடந்து கூட்டிட்டு வரும்போது"ன்னு ஒரு வரி. தனித்தனியா பாத்தா ஒண்ணுமே இல்ல. மூணையும் சேத்தா பிறந்த தேதி, ஸ்கூல், எந்த நேரத்துல எந்த ரோட்ல வருவான்னு எல்லாம் வந்துருச்சு.

போட்டோவுக்குள்ள எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம், கேமரா செட்டிங்ல லொகேஷனை ஆஃப் பண்ணி வைங்க. பெரிய சோஷியல் மீடியா தளங்கள்ல ஏத்தும்போது வெளில தெரியுற காப்பில இருந்து அது போயிரும், ஆனா மெயில்ல ஒரிஜினலை அனுப்புனாலோ வாட்ஸாப்ல டாக்குமென்ட்டா அனுப்புனாலோ கூடவே போகும். வெளில இருக்கும்போது போடாதீங்க, வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சு போடுங்க, கதை ஒண்ணும் ஊசிப் போயிராது.

டெலிட் பண்ணாலும் கூகுள் தேடல்ல கொஞ்ச நாள் பழைய தடயம் காட்டும். 18 வயசுக்குள்ள இருக்குற பிள்ளைங்க போட்டோவை தேடல்ல இருந்து எடுக்கச் சொல்லி பெத்தவங்களே கேக்கலாம், 2021ல அந்த வசதி வந்துச்சு. அது தேடல்ல மட்டும் தான், போட்டோ இருக்குற தளத்துல அப்படியே இருக்கும், அங்க தனியா கேக்கணும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்குறவங்களை ஒண்ணும் பண்ண முடியாது.

சும்மா_ஒரு_மகள்:
நான் அந்தப் பக்கத்துல இருந்து வரேன். எங்கம்மாவும் எழுதுவாங்க, நல்லாவே எழுதுவாங்க. நான் பெரிய கிளாஸ் போற வரைக்கும் படுக்கைல ஒண்ணுக்குப் போயிட்டு இருந்தேன், அதை அவ்ளோ பாசமா எழுதியிருந்தாங்க, என் பேர் இல்ல, போட்டோ இல்ல. ஆனா படிச்சவங்க யாரு? சித்தி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி, என் ஃப்ரெண்டோட அம்மா. இவங்களுக்கு எதுக்குங்க பேரு? முன்னப்பின்ன தெரியாத ஆயிரம் பேர் படிச்சா எனக்கு ஒண்ணும் இல்ல, தெரிஞ்ச நாலு பேர் படிச்சது தான் வலிச்சுது. கம்பிவால் சொன்னது எல்லாம் சரி, ஆனா அது வெளியாள்கிட்ட இருந்து காப்பாத்துறதுக்கு. கேட்ல நிக்கிற அம்மாகிட்ட லொகேஷனை ஆஃப் பண்ணி என்ன புண்ணியம்?

அம்மா மேல இப்போ கோவம் எல்லாம் இல்ல. ஆனா அவங்க எழுதுனதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா, ராத்திரி பெட்ஷீட் மாத்தும்போது அவங்களுக்கு வந்த எரிச்சலும் அடுத்த நிமிஷமே வந்த குற்ற உணர்ச்சியும். அதுக்கு நான் யாருன்னே தெரிய வேண்டாமே.

ரெட்டைவால்அம்மா:
மேல மகள் சொன்னதை அப்படியே பிடிச்சுக்கோங்க தோழி. நான் எழுதி முடிச்சதும் ஒவ்வொரு வரியா பாப்பேன், இது எனக்கு நடந்ததா, பிள்ளைங்களுக்கு நடந்ததா? "கடைல தரைல விழுந்து புரண்டு அழுதான்", அது அவனோடது. "எல்லாரும் திரும்பிப் பாத்தப்போ எனக்கு பிள்ளையை விட அவங்க மேல தான் கவனம் போச்சு", இது என்னோடது, தாராளமா எழுதலாம். உடம்பு, டாக்டர் ரிப்போர்ட், மார்க், குளிக்கிற போட்டோ, இது நாலும் என் கைல இருந்து வெளிய போகாது. ஆமா, மாமியார் கதை, வீட்டுக்காரர் கதைக்கும் இதே தான், அங்க தான் எனக்கு கையே நிக்காது 😄

வாய்ப்பாடு:
எல்லாரும் "உங்க பக்கத்தை மட்டும் எழுதுங்க"ன்னு அழகா சொல்லிட்டீங்க, ஆனா எனக்கும் இதே பயம் இருந்தப்போ உதவுனது யாரோ ஒரு அம்மாவோட ஃபீலிங் இல்ல. எந்த வயசுல போனாங்க, டாக்டர் என்ன கேட்டாரு, வீட்ல என்ன விளையாட்டு விளையாடுனாங்க, அந்த விவரம் தான். அதை எடுத்துட்டா இன்னொரு அம்மாவுக்கு என்ன மிஞ்சும்? அதனால நிறுத்தாதீங்க. சொந்தப் பேர்ல இல்லாம, தெரிஞ்சவங்க யாரும் இல்லாத புது ஐடில எழுதுங்க, பழைய போட்டோ, பழைய புனைப்பேர் எதுவும் அங்க வேண்டாம். வயசைக் கொஞ்சம் மாத்தலாம், பையனை பொண்ணாக்கலாம், ஆனா தெரபி விஷயத்துல வயசு முக்கியம், அதை மாத்துனா படிக்கிறவங்களுக்குத் தப்பான கணக்கு போயிரும், அங்க மட்டும் வேற விவரத்தை மாத்துங்க. க்ளோஸ்டு குரூப்னா சேஃப்னு நம்பிராதீங்க, அங்கயும் ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

அப்புறம் பிள்ளைகிட்ட கேக்கணும். ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கை 1989ல வந்தது, அதுல 16வது பிரிவு குழந்தையோட தனிமைக்குன்னே இருக்கு. ஃபிரான்ஸ்ல 2024ல குழந்தைகளோட படத்துக்கான உரிமைக்கு தனிச் சட்டமே போட்டாங்க, பிள்ளையோட வயசுக்கும் பக்குவத்துக்கும் ஏத்த மாதிரி அவங்களையும் இந்த முடிவுல சேத்துக்கணும்னு. 8 வயசு பையன் சரின்னு சொன்னா அதுக்கு முழு அர்த்தம் அவனுக்கே தெரியாது, ஆனா வேண்டாம்னு சொன்னா வேண்டாம் தான்.

பாதித்தூக்கம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு மூணு தடவை படிச்சேன். அவன்கிட்ட கேட்டேன், பழைய பதிவு கொஞ்சம் வாசிச்சும் காட்டுனேன். தண்ணி கேட்ட கதை இருக்கட்டுமாம், தெரபி ரூம்ல டேபிளுக்கு அடில ஒளிஞ்சது வேண்டவே வேண்டாமாம். "நான் பயந்தேன்னு எல்லாருக்கும் தெரியணுமா?"ன்னான். எனக்கு அது தான் அழகான பதிவுன்னு நினைப்பு, பாருங்க. அதை எடுத்துட்டேன். அவன் போட்டோ எல்லாத்தையும் "நான் மட்டும்"னு மாத்திட்டு இருக்கேன், தெரபி விவரத்தை மட்டும் புது ஐடில மறுபடி எழுதலாம்னு இருக்கேன். ஒரே ஒரு டவுட், பழைய பதிவுக்கு கீழ மத்த அம்மாங்க அவங்க பிள்ளைங்க கதையை கமெண்ட்ல எழுதியிருக்காங்க, அதை என்ன பண்றது?

கம்பிவால்:
பதிவை எடுத்தா கமெண்ட்டும் சேந்து போயிரும்ங்க. அதனால எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் டைம் குடுத்து அவங்களுக்கு மெசேஜ் போட்டுருங்க, வேணும்ங்குறவங்க அவங்க எழுதுனதை காப்பி எடுத்துக்குவாங்க. உங்களோடதையும் ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு டெலிட் பண்ணுங்க. அவங்க கமெண்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து புது ஐடில போட்டுராதீங்க, அது அவங்க பிள்ளை கதை.

சும்மா_ஒரு_மகள்:
டேபிள் பதிவை எடுத்ததுக்கு பையன் சார்பா நான் ஒரு தேங்க்ஸ் சொல்லிக்கிறேன் 🙂